பெல்லோட்டோவுக்கு வராத 4,200 தாலர்

1748ஆம் ஆண்டு ட்ரெஸ்டன் அரசவை ஓர் ஓவியருக்கு 1,750 தாலர் ஆண்டுச் சம்பளம் நிர்ணயித்தது. அங்கே அதுவரை எந்த ஓவியரும் வாங்கியிராத தொகை. அதன் கனம் தெரியப் பக்கத்து ஊரைப் பார்த்தால் போதும். அதே சாக்சனி நாட்டின் லைப்சிக் நகரில் தேவாலய இசைப் பொறுப்பில் இருந்த யோஹான் செபாஸ்டியன் பாஹ், 1730இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சம்பளமும் மேல்வரும்படியும் சேர்த்துத் தன் வேலைக்கு வருவது சுமார் 700 தாலர் என்கிறார். ஓவியர் பெற்றது அதைப்போல் இரண்டரை மடங்கு. அவர் உள்ளூர்க்காரரும் அல்லர். முந்தைய ஆண்டுதான் மனைவி, மகனோடு வெனிஸிலிருந்து வந்து இறங்கியவர். வயது முப்பதுக்குள்.

பெர்னார்டோ பெல்லோட்டோ என்பது அவர் பெயர். வெனிஸ் நகரக் காட்சிகளை வரைந்து ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கிய கனலெட்டோ அவருடைய தாய்மாமன். மாமனின் பட்டறையில்தான் தொழில் படித்தார். 1738இல், பதின்ம வயது முடியும் முன்பே, வெனிஸ் ஓவியர் சங்கத்தில் பதிவாகிவிட்டார். ரோம், டூரின், வெரோனா என்று இத்தாலிக்குள் சுற்றி வேலை செய்தார். 1747இல் ஆல்ப்ஸைத் தாண்டியவர் 1780இல் வார்சாவில் இறந்தார். நடுவிலுள்ள 33 ஆண்டுகளில் ட்ரெஸ்டன், வியன்னா, மியூனிக், மீண்டும் ட்ரெஸ்டன், கடைசியில் வார்சா. ஊர் திரும்பவே இல்லை. மாமனின் புகழ்பெற்ற பட்டப்பெயரைத் தானும் சேர்த்துக்கொண்டதால் ஜெர்மனியிலும் போலந்திலும் இன்றுவரை அவரையே கனலெட்டோ என்கிறார்கள்.

அவரை அழைத்தவர் சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்தின் மன்னருமான மூன்றாம் ஆகஸ்டஸ். ஓவியம் என்றால் கஜானாவைத் திறந்துவிடும் மனிதர். 1740களின் நடுவில் மொடேனா பிரபுவின் தொகுப்பிலிருந்து 100 ஓவியங்களை 100,000 செக்கினோ கொடுத்து வாங்கினார். செக்கினோ என்பது வெனிஸின் தங்கக் காசு. ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டேமுக்கால் தாலர் பெறும். அப்படியானால் அந்தத் தொகுப்பில் ஓர் ஓவியத்தின் சராசரி விலை 2,750 தாலர். 1754இல் ரஃபேல் வரைந்த சிஸ்டைன் மடோனாவுக்கு மட்டும் 25,000 ரோமானிய ஸ்கூடி கொடுத்தார். இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்தால் பெல்லோட்டோவின் 1,750 வேறு மாதிரித் தெரிகிறது. இறந்துபோன ஓர் இத்தாலியரின் ஒற்றைப் படத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவாக, உயிரோடிருக்கும் ஓர் இத்தாலியரின் முழு ஆண்டு உழைப்பு மன்னருக்குக் கிடைத்தது.

அந்த உழைப்பின் அளவைப் பார்ப்போம். மன்னருக்காக ட்ரெஸ்டன் நகரக் காட்சிகள் 14. எல்பே ஆற்றில் சற்று மேலே உள்ள பிர்னா என்ற சிற்றூரின் காட்சிகள் 11. அதற்கும் மேலே பாறைமேல் நிற்கும் கோனிக்ஸ்டைன் கோட்டைக் காட்சிகள் 5. மொத்தம் 30. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 133 செ.மீ. உயரம், 237 செ.மீ. அகலம், அதாவது 3.15 சதுர மீட்டர். முப்பதையும் சேர்த்தால் 95 சதுர மீட்டர், ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு குடியிருப்பின் தரை முழுவதையும் ஒருவர் மெல்லிய தூரிகையால், ஜன்னல் ஜன்னலாக, கல் கல்லாக நிரப்பியதற்குச் சமம்.

இதோடு முடியவில்லை. மன்னரிடம் இருப்பது தன்னிடமும் இருக்க வேண்டும் என்று விரும்பினார் பிரதம மந்திரி ப்ரூல் பிரபு. அவருக்காக அதே காட்சிகளில் 21 பெரிய பிரதிகள், தலா 200 தாலர் விலைக்கு. இன்னும் 66 சதுர மீட்டர். 1747இலிருந்து 1758 வரை பதினோரு ஆண்டுகளில் 51 பெரிய ஓவியங்கள் என்றால் ஆண்டுக்கு நான்கோ ஐந்தோ. அவற்றுக்கு முந்தைய கோட்டோவியங்களும், செப்புத் தகட்டில் தானே செதுக்கி அச்சிட்ட படங்களும், மற்ற வாடிக்கையாளர்களுக்கான சிறிய பிரதிகளும் இந்தக் கணக்கில் இல்லை. போர் வந்து சம்பளம் தடைப்படுவதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அரண்மனை தர வேண்டிய தொகை 14,000 தாலர். அதை 30 ஓவியங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு சுமார் 467 தாலர். இது நான் போட்ட வகுத்தல்தான். அரண்மனை அவருக்குப் படக்கணக்கில் கூலி தரவில்லை. மந்திரி ஒத்துக்கொண்ட விலை மன்னர் தந்ததில் பாதிக்கும் குறைவு என்பதைக் காட்ட இந்தக் கணக்கு உதவும்.

இவ்வளவு நுணுக்கத்தை இந்த வேகத்தில் எப்படிக் கொண்டுவந்தார்? கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டுப் பெட்டி பாதி பதில். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தாளின் மேல் காட்சியை விழவைக்கும். பென்சிலால் அதன்மேல் கோடு போட்டுக்கொள்ளலாம். ஆனால் பெட்டி ஒரு நேரத்தில் குறுகிய கோணத்தைத்தான் காட்டும். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை விரியும் காட்சிக்குப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பல தாள்களில் எடுத்து ஒட்டவைக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் கோணம் பிசகும். அந்தப் பிசகைக் கண்ணுக்குத் தெரியாமல் சரிசெய்வது வடிவியல் அறிந்த கையின் வேலை. நிழல் எந்த மணிக்கு எங்கே விழ வேண்டும், மழையில் ஊறிய சாந்து எந்த நிறத்தில் இருக்கும் என்பதையெல்லாம் பெட்டி சொல்லாது.

1748இல் ஆகஸ்டஸ் பாலத்துக்குக் கீழ்ப்புறமிருந்து அவர் வரைந்த ட்ரெஸ்டன் காட்சியில் கத்தோலிக்க அரசவைத் தேவாலயத்தின் கோபுரத்தைச் சாரம் மூடியிருக்கிறது. கட்டுமானம் முடிய அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. மன்னருக்கான படம், மன்னர் கட்டும் கோயில், முடிந்ததுபோல் வரைந்தால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? அவர் சாரத்தை வரைந்தார். ஆற்றங்கரையில் அமர்ந்து படம் எழுதும் தன்னையும் வரைந்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டாகும் இடம் இதுதான். பிறந்த ஊரை வரைபவருக்குப் பழக்கம் பல விவரங்களை மறைத்துவிடும். பிழைக்க வந்தவருக்கு ஒவ்வொரு ஓட்டுக்கூரையும் புதிது, எதைத் தள்ளலாம் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. பிர்னா சந்தைச் சதுக்கத்தை அவர் வரைந்தபோது அங்கிருந்த முகப்புக் கூம்பு வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. ஊரார் அதற்குக் கனலெட்டோ வீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் அவர் குடியிருந்ததால் வந்த பெயர் அல்ல. அவர் அதை வரைந்ததால் வந்த பெயர்.

1756 ஆகஸ்டில் பிரஷ்ய மன்னர் ஃப்ரெடெரிக் சாக்சனிக்குள் படையோடு நுழைந்தார். பெல்லோட்டோ வரைந்துகொண்டிருந்த அதே பிர்னாவுக்கும் கோனிக்ஸ்டைனுக்கும் நடுவில் சாக்சனியின் படை முற்றுகைக்குள் சிக்கியது. அக்டோபரில் சுமார் 18,000 பேர் சரணடைந்தார்கள். மன்னர் ஆகஸ்டஸ் வார்சாவுக்குப் போய்விட்டார். கோட்டையின் ஐந்து காட்சிகளையும் பெல்லோட்டோ வரைந்து முடித்தார், ஆனால் அவை மன்னரின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

வேலை தேடி வியன்னா போனார். அங்கே பேரரசி மரியா தெரசாவுக்காக 13 காட்சிகள். 1761இல் மியூனிக்கில் 3. இதற்கிடையே 1760 ஜூலையில் பிரஷ்யப் பீரங்கிகள் ட்ரெஸ்டனைத் தாக்கின. பிர்னா வாசலுக்கு வெளியே இருந்த புறநகர் அழிந்தது. அவருடைய வீடும் அதில் போயிற்று. ட்ரெஸ்டன் திரும்பி அந்தப் புறநகரின் இடிபாடுகளை வரைந்தார். நகரின் சிலுவைத் தேவாலயமும் அதே தாக்குதலில் எரிந்தது. பாதி நின்ற கோபுரம் 1765இல் சரிந்து விழுந்தது. அந்தக் கற்குவியலை அவர் வரைந்த ஓவியம் 80 செ.மீ.க்கு 110 செ.மீ., அரசவைப் படங்களின் பரப்பில் நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மற்ற நகரக்காட்சிகளில் கட்டடங்களின் வெளிப்பக்கத்தை எண்ணியவர், இதில் கோபுரத்தின் பிளந்த உட்புறத்தை அதே பொறுமையோடு எண்ணியிருக்கிறார். எத்தனை மாடி, எந்த இடத்தில் வளைவு என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவருடைய படங்களில் நான் மிக உயர்வாக வைப்பது இதைத்தான்.

1763 அக்டோபர் 5இல் மன்னர் இறந்தார். 23 நாள் கழித்து, 28ஆம் தேதி, ப்ரூலும் இறந்தார். பெல்லோட்டோவின் அரசவைப் பதவி போயிற்று. 21 பிரதிகளுக்கு ப்ரூல் ஒரு தாலரும் கொடுத்திருக்கவில்லை. 21 பெருக்கல் 200, ஆக 4,200 தாலர் பாக்கி என்று வாரிசுகளிடம் கேட்டார், கிடைக்கவில்லை. உச்சத்தில் இருந்த சம்பளத்தின்படியே பார்த்தாலும் இது இரண்டு ஆண்டு ஐந்து மாத வருமானம். 1764இல் புதிதாகத் தொடங்கிய ட்ரெஸ்டன் கலைக்கழகம் அவரைப் பரிமாண வரைகலை கற்பிக்க வைத்துக்கொண்டது. ஆண்டுக்கு 600 தாலர், முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது வாங்குவதைக்கொண்டு கணக்கிட்டால் ப்ரூலின் பாக்கி சரியாக ஏழு ஆண்டுச் சம்பளம். விலை தராமல் வைத்துக்கொண்ட அந்த ஓவியங்கள் ப்ரூலின் தொகுப்போடு 1769இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்கப்பட்டன. விற்ற பணத்தில் வரைந்தவருக்குப் பங்கு இல்லை.

அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1766இன் கடைசியில், பெல்லோட்டோவே கேத்தரினின் பீட்டர்ஸ்பர்குக்குப் புறப்பட்டிருந்தார். கலைக்கழகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு மகன் லோரென்ஸோவுடன் கிளம்பினார். வழியில் வார்சா. அங்கே 1764இல் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தனிஸ்வாவ் ஆகஸ்ட் பொனியதோவ்ஸ்கி அவரைப் பிடித்துக்கொண்டார். 1768இல் அரசவை ஓவியர் ஆக்கினார். பீட்டர்ஸ்பர்குக்கு அவர் போகவே இல்லை. அவர் படங்கள் போயின.

வார்சாவில் அரண்மனையின் ஒரு கூடத்துக்காக அவர் வரைந்த நகரக்காட்சிகள் 26 என்பது வழக்கமான கணக்கு. பதின்மூன்று ஆண்டுக்கு 26 என்றால் ஆண்டுக்கு இரண்டு. ட்ரெஸ்டன் வேகத்தில் பாதிகூட இல்லை. படங்களின் அளவும் சிறுத்தது: தெருக்காட்சிகள் பல 84க்கு 107 செ.மீ. அளவில்தான் இருக்கின்றன. விதிவிலக்கு 1770இல் விஸ்துலா ஆற்றின் மறுகரையான ப்ராகாவிலிருந்து வரைந்த முழு நகரக் காட்சி: 172.5 செ.மீ.க்கு 261 செ.மீ., நாலரை சதுர மீட்டர். அதிலும் தன்னை வைத்திருக்கிறார், வரைபலகையின் முன்னால் உட்கார்ந்தபடி. அதே ஆண்டில்தான் உடன் வந்த மகன் இறந்தார்.

1772இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்குபோட்டு நிலத்தில் சுமார் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்டன. பெல்லோட்டோ மியோதோவா தெருவையும் த்வூகா தெருவையும் க்ரகோவ்ஸ்கியே ப்ஷெட்மியெஷ்ச்சியே சாலையையும் வரைந்துகொண்டிருந்தார். அரண்மனைகள் மட்டும் அல்ல, பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் மரவீடுகள், பெயர்ந்த சாந்து, வண்டிச்சுவடு, யாசகர், வியாபாரி எல்லாம் உண்டு. 1780இல் இறந்து மியோதோவா தெருவின் கபூச்சின் தேவாலயத்தில் அடக்கமானார். தான் வரைந்த தெருவிலேயே அடக்கமாவது எல்லா வந்தேறிகளுக்கும் கிடைப்பதில்லை.

படங்களுக்கு அமைதி இல்லை. ரஷ்யாவுக்கு எதிராக 1830இல் தொடங்கிய போலந்து எழுச்சி தோற்றபின் 1832இல் அவை ரஷ்யாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. ரஷ்யாவோடு 1921இல் செய்த ரீகா உடன்படிக்கைக்குப் பிறகு, ஏறக்குறைய 90 ஆண்டு கழித்துத் திரும்பின. 1939இல் ஜெர்மானியர்கள் எடுத்துப் போனார்கள். போர் முடிந்தபின் மறுபடி திரும்பின. இந்த முறை படங்கள் வந்தபோது ஊர் இல்லை.

1944 ஆகஸ்ட் 1இல் வார்சா மக்கள் கிளர்ந்தெழுந்து 63 நாள் போரிட்டார்கள். அவர்கள் வீழ்ந்தபின் ஜெர்மானியப் படை வீடு வீடாகத் தீ வைத்தது, வெடி வைத்தது. பதிவில் இருந்த 957 வரலாற்றுக் கட்டடங்களில் 782 முற்றாக அழிந்தன. 141 பகுதியாக அழிந்தன. கழித்துப் பார்த்தால் மிஞ்சியவை 34. 1945 பிப்ரவரியில் தலைநகர் மறுகட்டமைப்பு அலுவலகம் உருவானது. நினைவுச்சின்னப் பிரிவை யான் ஸாஹ்வதோவிச் என்ற கட்டடக் கலைஞர் நடத்தினார். பெல்லோட்டோ கட்டடக் கலைஞர்களின் மேசைக்கு வந்தது அப்போது.

இங்கே ஒரு மிகையைத் திருத்தியாக வேண்டும். இத்தாலிய ஓவியரின் படங்களைப் பார்த்தே வார்சாவின் பழைய நகரம் திரும்பக் கட்டப்பட்டது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. பழைய நகரச் சந்தைச் சதுக்கத்துக்கு உதவியவை பெரும்பாலும் வார்சா பாலிடெக்னிக் மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்பே அளந்து வைத்த வரைபடங்களும் புகைப்படங்களும்தான். எழுச்சிக்குப் பின் அந்த வரைபடங்களை ஆசிரியர்கள் காப்பாற்றி பியோத்ர்குவ் நகர மடாலயம் ஒன்றில், கல்லறைகளுக்குள் ஒளித்துவைத்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய வரவைப் பெல்லோட்டோ பேரில் எழுதுவது நியாயம் ஆகாது. அவர் உதவியது அரண்மனையிலிருந்து தெற்கே போகும் சாலையிலும், மியோதோவா, த்வூகா போன்ற தெருக்களிலும். அங்கே 19ஆம் நூற்றாண்டில் ஏற்றிய மாடிகளையும் மாற்றிய முகப்புகளையும் விட்டுவிட்டு, 1939இன் தெருவுக்குப் பதில் 1770களின் தெருவைக் கட்டலாம் என்று முடிவெடுத்தபோது, புகைப்படம் எட்டாத அந்தக் காலத்துக்கு இருந்த நல்ல சாட்சி அவர். ப்ரனித்ஸ்கி அரண்மனையின் உச்சியில் இன்று நிற்கும் சிலைகள் அவர் படத்தைப் பார்த்து வடித்தவை.

அந்தச் சாட்சியத்திலும் கழிக்க வேண்டியது உண்டு. பெல்லோட்டோ சில இடங்களில் தெருவை அகலப்படுத்துவார். ஒரு கட்டடத்தை அழகாகத் தெரியும்படி சற்று நகர்த்துவார். காகிதத்தில் மட்டும் இருந்த அலங்காரத்தைச் சேர்த்ததும் உண்டு. ஆகவே இன்றைய வார்சாவில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த வார்சாவோடு பெல்லோட்டோ விரும்பிய வார்சாவும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இதைக் குறையாக நான் எண்ணவில்லை. 782 கட்டடங்களை இழந்த ஊருக்கு, கொஞ்சம் அழகுபடுத்திச் சொல்லும் சாட்சியும் வேண்டியிருந்தது.

பழைய நகரச் சந்தைச் சதுக்கம் 1953 ஜூலை 22இல் திறக்கப்பட்டது. 1980இல், அவர் இறந்து 200 ஆண்டு நிறைந்த அந்த ஆண்டில், யுனெஸ்கோ மறுகட்டிய பழைய நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வார்சா அரண்மனையைத் திரும்பக் கட்ட 1971இல்தான் அரசு ஒத்துக்கொண்டது, பொதுமக்கள் நன்கொடை கொடுத்தார்கள், 1984இல் திறந்தது. அவர் படங்களுக்கான அதன் கனலெட்டோ கூடத்தில் இப்போது 22 காட்சிகள் தொங்குகின்றன.

மன்னரைச் சேராத கோனிக்ஸ்டைன் ஓவியங்கள் ஐந்தும் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் கோட்டையை வடக்கிலிருந்து காட்டும் ஒன்றை 2017இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1.17 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. அன்றைய மாற்று மதிப்பில் நூறு கோடி ரூபாயை ஒட்டிய தொகை. ஒன்று வாஷிங்டனில், இரண்டு மான்செஸ்டரில், ஒன்று இங்கிலாந்தின் பிரபுக் குடும்பம் ஒன்றிடம். 2021இல் ஐந்தும் லண்டனில் ஒரே அறையில் சேர்ந்தன. அவற்றுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்த மன்னர் அப்படி ஒருசேரப் பார்த்ததே இல்லை.

வியன்னாவின் கணக்கு இன்னும் முடியவில்லை. பெல்வடேர் மாளிகையின் மேல்தோட்டத்திலிருந்து நகரைப் பார்த்து பெல்லோட்டோ வரைந்த காட்சி 135 செ.மீ.க்கு 213 செ.மீ. இரண்டு பக்கமும் தேவாலயக் குவிமாடங்கள், தூரத்தில் 136 மீட்டர் உயரமுள்ள புனித ஸ்டீஃபன் கோபுரம், நடுவில் தாழ்ந்த கூரைகள். அந்த இடத்துக்கே கனலெட்டோ பார்வை என்று பெயர் நிலைத்துவிட்டது. ஹாய்மார்க்ட் என்ற இடத்தில் 66 மீட்டர் உயரத்தில் குடியிருப்புக் கோபுரம் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. அங்கே ஏற்கெனவே நிற்கும் ஓட்டல் நாற்பது மீட்டரைச் சற்றே தாண்டும். கூடுதலாக வரும் இருபத்துச் சொச்சம் மீட்டர் அந்தக் காட்சிக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் என்று எதிர்ப்பு எழுந்தது. 2017 ஜூலையில் யுனெஸ்கோ வியன்னாவின் மையப்பகுதியை ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு நகரம் எவ்வளவு உயரம் வளரலாம் என்ற வழக்கில் எதிர்த்தவர்கள் கையில் வைத்திருந்த அளவுகோல் பெல்லோட்டோவின் ஓவியம். அவர் வியன்னாவில் இருந்தது சுமார் இரண்டே ஆண்டுகள்.